நிலமா, முன்பணமா? விற்பவர் கிரயம் செய்ய மறுத்தால் எந்த வழியில் போவது

கிரய உடன்படிக்கை எழுதி அட்வான்ஸும் கொடுத்தபின், கெடு நெருங்கும்போது விற்பவர் பின்வாங்கினால், வாங்குபவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. நிலத்தையே எழுதிக் கொடு என்று ‘ஏற்றதை ஆற்றுக’ வழக்குப் போடலாம். கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். பேசித் தீர்க்கலாம். போலீசில் புகார் கொடுக்கலாம். பெரும்பாலானோர் நிலத்தின் இன்றைய விலையைப் பார்த்தே இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விலை ஏறியிருந்தால் நிலத்தையும், ஏறாவிட்டால் பணத்தையும் கேட்கிறார்கள். ஆனால் நீதிமன்றத்தில் எடுபடுவது வேறு மூன்று விஷயங்கள். பாக்கித் தொகை கெடுவுக்குள் உங்களிடம் தயாராக இருந்ததா, அதைக் காகிதத்தில் காட்ட முடியுமா, விற்பவர் இழுத்தடிக்கத் தொடங்கியதும் எத்தனை நாளில் அசைந்தீர்கள்? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால் எந்த வழி என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கணக்குப் பார்க்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நிலம் தமிழ்நாட்டில் இருக்கிறது. விலை 60 லட்சம், அட்வான்ஸ் 10 லட்சம், பாக்கி 50 லட்சத்தைக் கொடுத்துக் கிரயம் முடிக்க 6 மாதக் கெடு.

முதலில் செலவு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017 மார்ச்சில் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஏற்றதை ஆற்றுக வழக்கில் கட்டணம் முழு விற்பனை விலைக்கும் கணக்கிடப்படும். பாக்கித் தொகைக்கோ அட்வான்ஸுக்கோ மட்டும் அல்ல. ஆக 60 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய். அட்வான்ஸை மட்டும் திரும்பக் கேட்டால் 10 லட்சத்துக்கு 30,000 ரூபாய், அதோடு கேட்கும் வட்டிக்கும் அதே விகிதம். இந்த வித்தியாசத்தைப் பார்த்தே பலர் பணத்துக்கு மட்டும் வழக்குப் போட்டுவிட்டுப் பின்னால் வருந்துகிறார்கள். தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 6வது பிரிவு அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஒரே வழக்கு மூலத்தில் (வழக்குக்குக் காரணமான அதே நிகழ்வுகளில்) ‘இது, இல்லாவிட்டால் அது’ என்று மாற்றுப் பரிகாரமாகக் கேட்டால், இரண்டில் எதற்குக் கட்டணம் அதிகமோ அதை மட்டும் கட்டினால் போதும். நிலத்துக்கு 1,80,000 கட்டியவர் ‘நிலம் கிடைக்காவிட்டால் பணம்’ என்று சேர்த்துக் கேட்பதற்குக் கூடுதலாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

நிலத்தைக் கேட்பது

1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் (Specific Relief Act) 2018இல் திருத்தப்பட்டது. திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இனிச் சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் இந்தச் சட்டத்தினுடையவை. அதற்கு முன்பு, எல்லாம் சரியாக இருந்தாலும் கிரயம் செய்துகொடுக்க உத்தரவிடுவதா வேண்டாமா என்பது நீதிபதியின் விருப்புரிமை. இப்போது சட்டம் சொல்லும் விலக்குகள் தவிர, உத்தரவிட்டே ஆக வேண்டும். 2018க்கு முந்தைய உடன்படிக்கைகளில் பழைய விருப்புரிமை வாதம் இன்னும் எழுகிறது.

திருத்தம் வந்ததால் வாதியின் வேலை எளிதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 16(சி) பிரிவின் முக்கிய நிபந்தனை இன்னும் நிற்கிறது. தன் பங்கை நிறைவேற்றத் தான் எப்போதும் ஆயத்தமாகவும் விருப்பத்தோடும் இருந்ததை வாதி நிரூபிக்க வேண்டும். ‘ஆயத்தம்’ பணபலத்தைக் குறிக்கும், ‘விருப்பம்’ நடத்தையைக் குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் சென்னைச் சொத்து ஒன்றைப் பற்றிய ஜே.பி. பில்டர்ஸ் வழக்கில் (2011) பிரித்துச் சொன்னது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டாலும் வழக்குத் தோற்கும்.

பணபலத்தைக் காட்ட 50 லட்சத்தை நோட்டாக மேசையில் வைக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் கட்டச் சொன்னால் ஒழிய, முன்கூட்டியே டெபாசிட் செய்யும் கட்டாயமும் இல்லை. ஆனால் கெடு ஓடிய அந்த 6 மாதங்களில் பணம் எங்கே இருந்தது, எங்கிருந்து வந்திருக்கும் என்று காட்ட வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை, வைப்புத்தொகை ரசீது, வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம், வேறு சொத்து விற்ற பத்திரம், வருமானவரிக் கணக்கு ஆகியவை எடுபடும். ‘சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கொடுத்திருப்பேன்’ என்ற வாய்ச்சொல் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்காது. அந்தச் சொந்தக்காரரைச் சாட்சியாக அழைத்து, அவர் கணக்கையும் காட்டினால்தான் பலன். கடன் ஒப்புதல் கடிதத்தின் தேதியையும் பாருங்கள். கெடு முடிந்து இரண்டு வருடம் கழித்து வாங்கிய கடிதம் அந்த இரண்டு வருடத்துக்கும் பதில் சொல்லாது. தமிழ்நாட்டிலிருந்து போன யு.என். கிருஷ்ணமூர்த்தி வழக்கில் (2022), கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த தீர்ப்பாணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாதியிடம் உரிய காலத்தில் பணம் இருந்ததற்கு ஆதாரம் இல்லாததே முக்கியக் காரணம்.

விருப்பத்தைக் காட்டுவது தேதிகளின் வேலை. கெடு முடிவதற்கு முன்பே வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். ‘இன்ன தேதி காலை 11 மணிக்கு இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் பாக்கி 50 லட்சத்தோடு இருப்பேன், மூலப் பத்திரங்களோடு வந்து கிரயம் செய்து கொடுங்கள்’ என்று அதில் துல்லியமாக எழுத வேண்டும். பிறகு அந்த நாளில் உண்மையிலேயே போக வேண்டும். அங்கே இருந்ததற்குச் சாட்சி வேண்டுமே, அதற்காக அதே அலுவலகத்தில் அன்றைக்கு ஒரு வில்லங்கச் சான்றுக்கோ பத்திர நகலுக்கோ மனுப் போட்டு, பணம் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். கிரயப் பத்திர வரைவையும் அன்றைய வங்கி இருப்பையும் அந்த ரசீதோடு சேர்த்து வைத்தால், ‘இவர் கெடுவுக்குள் வரவே இல்லை’ என்ற பிரதிவாதியின் வழக்கமான சாட்சியம் அங்கேயே பலவீனப்படும். நோட்டீஸ் ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுங்கள்.

காலவரம்பு மூன்று வருடம். உடன்படிக்கையில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, குறிக்காவிட்டால் விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதால் இந்தக் காலம் ஒரு நாள்கூட நீளாது. ‘கொஞ்சம் பொறுங்கள், அடுத்த தை பிறக்கட்டும்’ என்று விற்பவர் வாயால் சொன்னதும் நீட்டிப்பு ஆகாது. கெடுவை நீட்டுவதாக இருந்தால் உடன்படிக்கையின் பின்பக்கத்திலோ தனி உடன்படிக்கையாகவோ எழுதி, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பவர்கள் கே.எஸ். வித்யானந்தம் எதிர் வைரவன் வழக்கைப் படிக்க வேண்டும். மதுரை வீட்டுச் சொத்து. 1978 டிசம்பர் 15இல் உடன்படிக்கை, விலை 60,000, அட்வான்ஸ் 5,000, ஆறு மாதக் கெடு. வாங்குபவர் நோட்டீஸ் விட்டது 1981 ஜூலையில். வழக்கு மூன்று வருட வரம்புக்குள்தான் வந்தது. ஆனாலும் இரண்டரை வருடம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, சொத்து மதிப்பு ஏறியபின் வந்து கேட்பதை ஏற்க முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் பரிகாரத்தை மறுத்தது. நிலவிற்பனையில் காலக்கெடு பொதுவாக உயிர்நாடி அல்ல என்ற பழைய கோட்பாட்டை, விலைகள் நிலையாக இருந்த காலத்துப் பார்வை என்று 2011இல் சாரதாமணி கந்தப்பன் வழக்கில் அதே நீதிமன்றம் மறுபரிசீலனை செய்தது. அந்த வழக்கின் உடன்படிக்கை 1981 ஜனவரியில் எழுதப்பட்டது. தவணைகளைக் குறித்த தேதியில் கட்டாமல் நிறுத்தியதே வாங்குபவருக்குப் பாதகமாக முடிந்தது. முப்பது வருடம் நடந்த வழக்கு அது. சம்மன் சேர்ந்த நாளிலிருந்து 12 மாதத்தில் முடிக்க வேண்டும், மேலும் 6 மாதம் நீட்டலாம் என்று 2018 திருத்தம் சொல்கிறது. நடப்பில் விசாரணை, முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று போகிறது. இதையும் சேர்த்து எடை போட்டுத்தான் இறங்க வேண்டும்.

சட்டம் சாதகமாக இருந்தும் வழக்கை வீணாக்கும் தவறுகள் சில திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றில் மிக மோசமானது அவசரத்தில் போடும் தடை வழக்கு. விற்பவர் வேறு ஆளிடம் பேசுகிறார் என்று கேள்விப்பட்டதும், ‘வேறு யாருக்கும் விற்கக் கூடாது’ என்று உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டு ஒரு சின்ன வழக்குப் போடுவார்கள். கட்டணம் குறைவு, உத்தரவும் சீக்கிரம் கிடைக்கும். ஒரு வருடம் கழித்து ஏற்றதை ஆற்றுக வழக்குப் போடும்போது, முதல் வழக்கிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும் என்ற ஆட்சேபம் வரும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 2 விதி 2 அதைத்தான் சொல்கிறது. சென்னையைச் சேர்ந்த விர்கோ இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் (2013) இரண்டாவது வழக்குகள் இந்தக் காரணத்தாலேயே தள்ளப்பட்டன. தடை வேண்டுமானால் ஏற்றதை ஆற்றுக வழக்குக்குள்ளேயே இடைக்கால மனுவாகக் கேளுங்கள். அப்படி முடியாத நிலை என்றால், மற்றப் பரிகாரத்தைப் பின்னால் கேட்க நீதிமன்ற அனுமதியை முதல் வழக்கிலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விற்பவர் அனுப்பும் ரத்து நோட்டீஸ். ‘கெடு முடிந்தது, உடன்படிக்கையை ரத்து செய்கிறேன்’ என்று அவர் எழுதியபின் வழக்குப் போட்டால், அந்த ரத்து செல்லாது என்று விளம்புகை செய்யும்படியும் (நீதிமன்றம் அறிவிக்கும்படியும்) கேட்க வேண்டும். ஐ.எஸ். சிக்கந்தர் வழக்கில் (2013) இதைக் கேட்காததே குறையாகச் சொல்லப்பட்டது. பிந்தைய தீர்ப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. ஒரு வரி சேர்த்தால் தீரும் சிக்கலுக்கு அந்தத் தளர்வை நம்பி இருப்பது வீண் துணிச்சல்.

பதிவு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய உடன்படிக்கையைக் கட்டாயம் பதிய வேண்டும். பதியாத உடன்படிக்கையை வைத்து வழக்கே போட முடியாது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. ஏற்றதை ஆற்றுக வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் இந்தத் தமிழ்நாட்டுத் திருத்தத்தையே எடுத்துக்கொண்டு தீர்ப்பளித்தது. பதியாததன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பதிந்த உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் வரும். அதற்குப் பிறகு வாங்கும் எவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. பதியாதது அதில் வராது. விற்பவர் மூன்றாம் நபருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் முழு விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, உங்கள் உடன்படிக்கை தெரியாமல் வாங்கியவர் என்று 19(பி) பிரிவின் நிழலில் நின்றுகொள்வார். அப்புறம் நிலம் உங்களுக்கில்லை. உடன்படிக்கை பற்றித் தெரிந்தே வாங்கியிருந்தால் அவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். தீர்ப்பாணை வரும்போது விற்பவரோடு அவரும் சேர்ந்து உங்களுக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க உத்தரவாகும்.

ரொக்கமாகக் கொடுத்த அட்வான்ஸ் தனித் தலைவலி. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமானவரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்கிறது. 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்கில் சொல்லப்பட்டால், நீதிமன்றமே வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விலையைக் குறைத்து எழுதி மீதியைக் கையில் கொடுத்தவர்கள் நிலை இன்னும் கடினம். எழுதாத தொகையைக் கொடுத்ததாகச் சொன்னால் எழுத்து ஆவணத்துக்கு எதிரான வாய்மொழி ஆகும், சொல்லாவிட்டால் அந்தப் பணம் கணக்கிலேயே வராது.

கடனுக்கு எழுதிய உடன்படிக்கை

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வரும் இத்தகைய வழக்குகளில் பிரதிவாதிகள் அடிக்கடி எடுக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு. ‘நிலத்தை விற்க நான் சம்மதிக்கவே இல்லை, வட்டிக்குப் பணம் வாங்கினேன், அதற்கு ஈடாகத்தான் இதை எழுதி வாங்கினார்கள்’ என்பதே அது. பல வழக்குகளில் அது உண்மையும்கூட. எழுத்து ஆவணத்துக்கு எதிராக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்ற விதி இதைத் தடுக்காது. இந்த ஆவணத்தின்படி நடக்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் தரலாம் என்பது 1981இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய நிலை.

நீதிபதி பார்க்கும் அடையாளங்கள் பழக்கமானவை. 60 லட்சம் பெறும் நிலத்துக்கு 20 லட்சம் விலை போட்டிருக்கும். அதில் 18 லட்சம் அட்வான்ஸாகக் கொடுத்து, மீதி 2 லட்சத்துக்கு மூன்று வருடக் கெடு வைத்திருக்கும். தொண்ணூறு சதவீதப் பணத்தைக் கொடுத்தவர் மீதியைக் கட்டிக் கிரயம் முடிக்க ஏன் மூன்று வருடம் கேட்கிறார் என்ற கேள்விக்கு வாதியிடம் பதில் இருக்காது. வாதி வட்டிக்கு விடுபவராக இருப்பது, மாதாமாதம் ஒரே தொகை அவர் கணக்கில் வரவாகியிருப்பது, நிலத்தை அளக்காததும் மூலப் பத்திரம் பார்க்காததும் எல்லாம் அதே திசையைக் காட்டும். கடன் கொடுத்தவர் இந்த ஆவணத்தை வைத்து நிலம் கேட்டு வழக்குப் போடுவதைவிட, கடன் தொகையை மாற்றுப் பரிகாரமாகச் சேர்த்துக் கேட்பது அவருக்கே பாதுகாப்பு. நிலத்தைக் காப்பாற்ற விரும்பும் உரிமையாளர் வட்டி கட்டிய ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்தையும், குறுஞ்செய்தியையும் முதல் எதிர் வழக்குரையிலேயே குறிப்பிட வேண்டும். விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், பின்னால் யோசித்த கதை என்று தள்ளப்படும்.

பணத்தைக் கேட்பது

அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் வழக்கில் நிரூபிக்க வேண்டியது குறைவு. பணம் கொடுத்தது, கிரயம் நடக்காதது, தவறு உங்களுடையது அல்ல என்பது. இந்தக் கடைசிப் புள்ளியில்தான் தகராறு. தவறு உங்களுடையது என்று விற்பவர் நிரூபித்தால் அட்வான்ஸைப் பறிமுதல் செய்ய முயல்வார். அப்போது கொடுத்த தொகை உறுதிக்கான முன்பணமா, விலையின் ஒரு பகுதியா என்று பார்க்கப்படும். ஃபதே சந்த் வழக்கில் (1963) 1,12,500 ரூபாய் விலைக்கு முதலில் 1,000, பிறகு 24,000 கொடுக்கப்பட்டிருந்தது. அந்த 1,000 பறிமுதலுக்கு உரியது, 24,000ஐப் பறிமுதல் ஷரத்தை மட்டும் வைத்து எடுத்துக்கொள்ள முடியாது என்றது அரசியல் சாசன அமர்வு. எனவே உடன்படிக்கையில் எந்தத் தொகையை எந்தப் பெயரில் எழுதுகிறீர்கள் என்பது கையெழுத்துப் போடும் நாளிலேயே முக்கியம்.

வாங்குபவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு பலம் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55(6)(பி) பிரிவில் இருக்கிறது. தன் தவறால் அல்லாமல் கிரயம் நின்றுபோனால், கொடுத்த விலைத்தொகைக்கும் வட்டிக்கும் அந்த நிலத்தின் மீதே அவருக்கு சார்ஜ் உண்டு. அடமானம் போலச் சொத்தையே பிடித்து வசூலிக்கும் உரிமை அது. இதை வழக்குரையில் கேட்டுப் பெற்றால், விற்பவர் கையில் வேறு பணம் இல்லாவிட்டாலும் அந்த நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். கேட்காவிட்டால் கிடைப்பது வெறும் பணத் தீர்ப்பாணை, அதை வைத்துக்கொண்டு விற்பவரின் சொத்தைத் தேடி அலைய வேண்டும். சார்ஜை அமல்படுத்தக் காலவரம்பு 12 வருடம். சாதாரணப் பணக் கோரிக்கைக்கு 3 வருடம். சார்ஜ் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் 3 வருடத்தையே கெடுவாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தீர்ப்பாணைக்குப் பிந்தைய வட்டி, வணிகப் பரிவர்த்தனை அல்லாதவற்றில் 6 சதவீதத்தைத் தாண்டாது. வெளியில் வாங்கிய கடனுக்கு இரட்டை இலக்க வட்டி கட்டுபவருக்கு இது நஷ்டக் கணக்குதான்.

நிலம் கேட்டுப் போட்ட வழக்கில் பணத்தை மாற்றாகக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 22வது பிரிவு, கேட்காத தொகையைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடக் கூடாது என்கிறது. வழக்குரையைத் திருத்த எந்தக் கட்டத்திலும் அனுமதிக்கலாம், ஆனால் திருத்தம் கேட்க வேண்டியது நீங்கள். பெங்களூருச் சொத்து ஒன்றில் 20 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தவர் உச்ச நீதிமன்றம் வரை போயும் 2025 மே மாதத்தில் வெறுங்கையோடு திரும்பினார். அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு அவர் வழக்குரையில் கோரிக்கையே வைத்திருக்கவில்லை. விடுபட்டது ஒரே ஒரு பத்தி. நஷ்டஈடும் அப்படித்தான். ஏற்றதை ஆற்றுக வழக்குத் தள்ளுபடியான பிறகு, ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்டஈடு கேட்டுத் தனி வழக்குப் போட 24வது பிரிவு விடாது.

பேசித் தீர்ப்பது

இரு தரப்புக்கும் வலி இருக்கும்போதுதான் பேச்சு நகரும். பதிந்த உடன்படிக்கை வில்லங்கத்தில் நிற்கும்வரை விற்பவரால் நல்ல விலைக்கு விற்க முடியாது, வங்கியும் கடன் தராது. வாங்குபவரின் 10 லட்சம் முடங்கிக் கிடக்கிறது. விலை ஏறியதுதான் தகராறின் வேர் என்றால், ஏற்றத்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்துக் கிரயத்தை முடிப்பது, பத்து வருட வழக்கைவிட மலிவாக இருக்கக்கூடும்.

பணத்தை வாங்கிக்கொண்டு விலகுவதாக முடிவானால், ரத்து உடன்படிக்கையில் கையெழுத்தும் பணமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்திலேயே வங்கி வரைவோலையை வாங்கிச் சரிபார்த்தபின் கையெழுத்திடுங்கள். பின்தேதியிட்ட காசோலையை நம்பி ரத்து பதிந்துவிட்டால், நிலத்தின் மீதிருந்த பிடியும் போய், காசோலை வழக்கு ஒன்று மட்டும் மிஞ்சும்.

வழக்குப் போட்டபின் சமரசம் ஆனாலும் கட்டிய 1,80,000 வீணாகாது. தமிழ்நாட்டுக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு முழுத் தொகையையும் திருப்பித் தருகிறது. சமரச மையத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ தீர்த்தால்தான் என்றில்லை, தாங்களாகவே பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. எங்கே முடித்தாலும் வெறும் வெள்ளைத்தாளில் எழுதி வழக்கை வாபஸ் வாங்காதீர்கள். சமரச நிபந்தனைகள் தீர்ப்பாணையாகப் பதிவானால்தான் பின்னால் மீறியவர் மீது நேராக நிறைவேற்று மனுப் போட முடியும்.

போலீஸ்

கிரயம் செய்ய மறுப்பது மட்டும் குற்றம் ஆகாது. வாக்கை மீறுவதற்கும், வாக்குக் கொடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, உரிமையியல் தகராறுக்குக் குற்ற வண்ணம் பூசியதாகப் பல முதல் தகவல் அறிக்கைகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. தனக்கு உரிமையே இல்லாத நிலத்துக்கு உடன்படிக்கை போட்டது, போலிப் பட்டா அல்லது போலி அதிகார ஆவணம் காட்டியது, ஏற்கெனவே விற்ற நிலத்தை மறைத்தது போன்ற ஆதாரம் கையில் இருந்தால் மாவட்ட நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்குப் போகலாம். அப்போதும் மூன்று வருடக் காலவரம்பு நிற்காமல் ஓடும் என்பதை மறக்காதீர்கள். புகார் மனு எண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்து, உரிமையியல் வழக்கைக் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர்.

விற்பவர் தனிநபராக இல்லாமல் கட்டுமான நிறுவனமாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. பதிந்த உடன்படிக்கை இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்குவதே தவறு.

எது யாருக்கு

பாக்கித் தொகைக்குக் காகிதம் இருக்கிறது, கெடுவுக்குள் நோட்டீஸ் போயிருக்கிறது, உடன்படிக்கை பதிந்திருக்கிறது, உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்றால் நிலத்தைக் கேளுங்கள். பணத்தையும் சார்ஜையும் மாற்றாக வையுங்கள். இந்த நிலையில் இருப்பவர் பணத்துக்கு மட்டும் வழக்குப் போடுவது தன் கைப்பொருளைத் தானே தள்ளிவிடுவது.

பாக்கித் தொகை இல்லை, வங்கிக் கடன் மறுக்கப்பட்டது, கெடு முடிந்து ஒரு வருடம் எதுவும் நடக்கவில்லை என்றால் நிலம் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக 1,80,000 கட்டுவதைவிட, பறிமுதல் ஷரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு உடனே பேச்சுக்கு உட்காருங்கள். இந்த நிலையில் விற்பவருக்கும் சட்டம் முழுக்கச் சாதகமில்லை, உறுதிக்கான முன்பணம் அல்லாத தொகையைப் பறிமுதல் ஷரத்தை மட்டும் காட்டி அவர் வைத்துக்கொள்ள முடியாது என்பதே உங்கள் பேரம்.

அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட கூட்டுச் சொத்து என்றால், அவர் பங்கை மட்டும் கேட்க 12வது பிரிவு வழி தருகிறது. ஆனால் மீதிப் பகுதி மீதான எல்லாக் கோரிக்கைகளையும் கைவிட வேண்டும், அப்புறம் பாகப்பிரிவினை வழக்கும் நடத்த வேண்டும். வீடு கட்ட மனை தேடுபவருக்கு இது ஏற்றதல்ல. பணத்தை வாங்கிக்கொள்வதே மேல்.

நிலத்துக்குத் தீர்ப்பாணை கிடைத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. தீர்ப்பாணையிலேயே பாக்கியைக் கட்ட இத்தனை நாள் என்று இருக்கும், பெரும்பாலும் ஓரிரு மாதம். விற்பவர் மேல்முறையீடு செய்துவிட்டார் என்று நினைத்துப் பலர் கட்டாமல் இருந்துவிடுகிறார்கள். மேல்முறையீட்டில் தடை உத்தரவு இல்லாவிட்டால் அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும், தவறினால் 28வது பிரிவின்கீழ் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும்படி விற்பவர் மனுப் போடுவார். காலநீட்டிப்புக் கேட்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கெடு முடியும் முன்பே 50 லட்சத்தையும் நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். அதற்கு மேல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய் தனியாக வேண்டும். வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதற்கேற்பக் கூடும். விற்பவர் அப்போதும் வராவிட்டால் நிறைவேற்று மனுவோடு கிரயப் பத்திர வரைவைத் தாக்கல் செய்யுங்கள். எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தபின், நீதிமன்றமே அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டுப் பத்திரத்தைப் பதிவுக்கு அனுப்பும். வரைவில் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் தீர்ப்பாணையில் உள்ள சொத்து விவரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். உட்பிரிவு எண் மாறியிருந்தால் மனுப் போடும் முன்பே தீர்ப்பாணையைத் திருத்த மனுச் செய்துவிடுங்கள்.